சுட்டியியல்: பால்கணக்கை முன்வைத்து ஒரு முன்னாய்வு

சுட்டெழுத்து மூன்று என்பது தொல்காப்பியர் கணக்கு. அவற்றுள் உகரம் தமிழகத்தில் வழக்கொழிந்து ஈழத்தில் பிழைத்திருக்கிறது. நான்காவதும் ஒன்று உண்டென நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அது ‘பாயின்டர்’. செயலிகளின் பின்தளமான பார்ஸில் வழங்கும் வகை மட்டுமே இங்கு ஆய்பொருள். பார்ஸை 2013-இல் ஃபேஸ்புக் வாங்கி, 2017 ஜனவரியில் கடையை மூடியது. மூலநிரலை 2016-லேயே திறந்துவிட்டதால் அவரவர் சர்வரில் அது இன்னும் ஓடுகிறது.

ஆய்வுக்களம், எங்கள் அடுக்ககத்துக்கு நான் எழுதிக்கொடுத்த பால்கணக்குச் செயலி. கணக்கின் ஒவ்வொரு வரியிலும் ‘வீடு’ என்றொரு கட்டம் உண்டு. அதற்குள் வீடு இராது. எந்த வகுப்பு என்பதும் பத்தெழுத்து அடையாளமும் மட்டுமே இருக்கும். 62 குறிகளில் பத்தை அடுக்கினால் எட்டாயிரம் கோடி கோடிக்கும் மேற்பட்ட அடையாளங்கள் கிடைக்கும். எங்களிடம் இருப்பவை 24 வீடுகள். போதும் என்பது என் துணிபு.

அற்றேல், கணக்கைக் கேட்டால் வீடும் கூட வாராதோ எனின், வாராது என்க. ‘இன்க்ளூட்’ என்று தனியே அழைக்க வேண்டும். ஒரு பத்திரிகை வைத்தால் குடும்பமே கிளம்பி வரும் ஊரில் வளர்ந்தவனுக்கு இது தெரியவில்லை. முதல் மாதப் பட்டியலில் 24 பெயர்களுக்கும் பதிலாக ‘அன்டிஃபைன்ட்’ என்றே அச்சாகியது. இவ்வளவு பால் வாங்குகிறவர் எந்த வீட்டில் இருக்கிறார், ஏன் பராமரிப்புத் தொகை கட்டவில்லை என்று சங்கச் செயலாளர் கேட்டார்.

அடுத்து, வீட்டில் ‘கடைசிக் கணக்கு’ என்றொரு சுட்டி வைத்தேன். கணக்கு வீட்டைச் சுட்ட, வீடு கணக்கைச் சுட்ட, இரண்டும் புதியவை, சேமிக்கப்படாதவை. சேமிக்காத பொருளுக்கு அடையாளம் இல்லை. அடையாளம் இல்லாததைச் சுட்ட முடியாது. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும். வட்டச் சார்பு என்று பிழை காட்டி நின்றுவிட்டது. வீட்டை முதலில் தனியாகச் சேமித்து, பிறகு மற்றதைக் கோத்தால் தீர்ந்தது. இதைக் கண்டறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இனி அழிவதிகாரம். மாடியில் ஒருவர் காலி செய்துகொண்டு போனார். அவர் வீட்டுப் பதிவை நீக்கினேன். அயற்சாவி பூட்டிய தரவுத்தளமாயின் ‘பாக்கி இருக்கிறது, அழிக்காதே’ என்று மறித்திருக்கும். பார்ஸ் மறிக்கவில்லை. கணக்கு வரிகள் இல்லாத வீட்டைச் சுட்டியபடியே நின்றன. இன்க்ளூட் போட்டும் அங்கே ஒன்றும் வரவில்லை. பட்டியல் பாதியில் படுத்துவிட்டது.

பால்காரர் மட்டும் கலங்கவில்லை. அவர் நோட்டில் அந்த வரி ‘மாடி, நாய் வீடு’ என்றிருந்தது. நாய் செத்து இரண்டு வருடம். அவர் போன் போட்டார். பாக்கி அன்று மாலையே வந்துவிட்டது.