தம்பி எவடம்?

ஈழத்தமிழ் அரசியலின் முதற்கேள்வி சுயநிர்ணய உரிமை என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. முதற்கேள்வி, "தம்பி எவடம்?" என்பதுதான். கொழும்பு வெள்ளவத்தைக் கல்யாண மண்டபத்திலும் கேட்பார்கள், கனடா ஸ்காபரோ செத்தவீட்டிலும் கேட்பார்கள். "யாழ்ப்பாணம்" என்றால் விடமாட்டார்கள். "யாழ்ப்பாணத்திலை எவடம்?" ஊரைச் சொன்னால், "வாசிகசாலைக்கு இங்காலையோ அங்காலையோ?" அந்த நூறு யார் தூரத்துக்குள் உங்கள் சாதி பிடிபட்டுவிடும். "மட்டக்களப்பு" என்றால் விசாரணை சட்டென்று முடியும்: "ஓ... வந்தவனை மந்திரம் போட்டுப் பாயோடை ஒட்டவைக்கிற ஆக்கள்!" என்று ஒரு சிரிப்பு. மலையகம் என்றால் அந்தச் சிரிப்பும் இல்லை. மட்டக்களப்பும் சளைத்ததில்லை, அங்கே யாழ்ப்பாணத்தானுக்குப் பெயர் "பனங்கொட்டை சூப்பி".

சிரித்த அதே வாய்தான் மேடையேறி, "வடக்கும் கிழக்கும் எங்கள் தாயகம்!" என்று முழங்கும். நிலம் இணையவேண்டும், சம்பந்தம் மட்டும் வேண்டாம். வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாது என்று 2006 இல் உயர் நீதிமன்றம் சொன்னபோது கொதித்தெழுந்தோம். "யாழ். இந்து உயர்குலம்" என்று மணமகள் தேவை விளம்பரத்தில் அதே தீர்ப்பை நாங்கள் எத்தனையோ வருடங்களுக்கு முன்பே எழுதிவிட்டோம்.

மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948 இல் பறித்ததை எதிர்த்து, 1949 இல் பிறந்தது தமிழரசுக் கட்சி என்று பெருமை பேசுவோம். 1977 கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிப் பயிர்செய்த அதே மக்களைத் "தோட்டக்காட்டான்" என்றோம். அவர்களின் பிள்ளைகள் போரில் செத்தபோது மட்டும் மாவீரர் ஆனார்கள். செத்தவனிடம் எவடம் என்று கேட்பதில்லை. நாங்கள் கொடுத்த ஒரே சலுகை அதுதான்.

2004 மார்ச்சில் விடுதலைப் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்தார். கிழக்கு புறக்கணிக்கப்படுகிறது என்றார். மக்களின் அந்த மனக்குறை பொய்யில்லை. அதை வைத்து அவர் செய்த வியாபாரம்தான் அயோக்கியத்தனம். ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில், ஒரே கொடிக்குச் சத்தியம் செய்த பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டார்கள். 2009 மார்ச்சில், வன்னியில் சனத்தின் மேல் ஷெல் விழுந்துகொண்டிருந்த மாதத்தில், கருணா அமைச்சரானார். என்ன அமைச்சு? தேசிய ஒருமைப்பாடு! அங்கதம் எழுதுகிறவனுக்கு மிச்சம் எதையும் விட்டுவைக்காத அரசு அது.

அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? 2024 இல் தமிழரசுக் கட்சி தலைவரைத் தெரிவுசெய்தது. அடுத்து, செயலாளர் பதவி திருகோணமலைக்கா, மட்டக்களப்புக்கா என்று இழுபறி. விவகாரம் நீதிமன்றப் படியேறியது. எந்த அரசின் நீதி எங்களுக்குக் கிடைக்காது என்று எழுபது வருடமாக உலகத்துக்குச் சொன்னோமோ, அதே அரசின் நீதிமன்றம். அந்த வருட நவம்பர்ப் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தெற்கிலிருந்து வந்த தேசிய மக்கள் சக்தி எடுத்துக்கொண்டது. தமிழரசுக்கு மிஞ்சியது ஒன்று. மட்டக்களப்பின் ஐந்தில் மூன்று தமிழரசுக்கு! "காட்டிக்கொடுத்த கிழக்கு" என்று இருபது வருடம் ஏசியவர்களின் வீட்டுச் சின்னத்தைத் தாங்கிப் பிடித்தது அந்தக் கிழக்குத்தான்.

கொழும்பு பிரித்தாள்கிறது என்று திட்டுகிறோம். திட்டத்தான் வேண்டும். ஆனால் வெடிப்பு விழுந்த விறகில்தான் ஆப்பு சுலபமாக இறங்கும். அந்த வெடிப்பு கொழும்பு போட்டதல்ல. எங்கள் பந்தியிலும் கல்யாணப் பேச்சிலும் விழுந்தது.

அடுத்தமுறை ஒற்றுமையைப் பற்றி முழங்க ஒருவர் வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, உங்கள் மகனுக்கு மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ பெண் எடுப்பீர்களா?" "அது வேறை விஷயம்" என்று அவர் இழுத்தால், தயவுசெய்து மைக்கைப் பிடுங்கிவிடுங்கள்.