வண்டி பட்டறையில் இருக்கிறது

பெங்களூரில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் அங்கே ஒரு ஜீப்காரர் இருப்பார். அவரைக் கண்டுபிடிக்க ஜீப்பைத் தேடிப் பயனில்லை, அது அங்கே இருக்காது. பேஸ்மென்ட்டில் இறங்கி வரிசையாகப் பார்த்துக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் மட்டும் கார் இல்லாமல், ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று பிரித்து விரிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் நாலைந்து கறுப்பு எண்ணெய் வட்டங்கள். தூண் ஓரம் ஒரு மொட்டை டயர், ஒரு ஜெர்ரி கேன், தரை பாழாவதைப் பற்றி அசோசியேஷன் ஒட்டிய நோட்டீஸ். "வண்டி எங்கே சார்?" என்று கேட்டால், புகுந்த வீட்டுக்குப் போன மகளைப் பற்றிச் சொல்லும் தகப்பன் குரலில் பதில் வரும்: "பட்டறையில இருக்கு. இந்த வாரம் வந்துடும்."

ஆள் நாற்பதைத் தாண்டியவர். அவுட்டர் ரிங் ரோட்டில் ஏதோவொரு கண்ணாடிக் கட்டடத்தில் மென்பொருள் வேலை. சொந்த ஊர் தேனியோ, கரூரோ, தாராபுரமோ. ஆசையின் வேர் அங்கேதான். அந்தக் காலத்துத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஜீப் என்றால் சர்க்கார். தாசில்தார் வந்தால் ஜீப், பி.டி.ஓ. வந்தால் ஜீப், குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் வந்தால் ஜீப், ஜப்தி வந்தாலும் ஜீப். சினிமாவிலும் அப்படித்தான். ஜீப்பிலிருந்து குதித்து இறங்குகிறவர் ஒன்று வில்லன், இல்லையென்றால் வன அதிகாரி. மளிகை வாங்க யாரும் ஜீப்பில் போனதில்லை. புழுதிக்குள் அதன் பின்னால் ஓடிய டிரவுசர் பையன் வளர்ந்து, என்ஜினீயரிங் படித்து, அமெரிக்கா போய்த் திரும்பி, வீட்டுக் கடனில் பாதியை அடைத்து முடித்த ஒரு நள்ளிரவில், போனில் பழைய வண்டி விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பிக்கிறான்.

சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மஹிந்திரா எம்.எம். 540 ஒன்று கிடைக்கிறது. தோட்டக்காரர் கண் கலங்கி விடைகொடுத்தார் என்று நம்மவர் இன்றைக்கும் சொல்வார். கலங்கியதற்குக் காரணம் வேறாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த மனிதர் மறு வாரமே பொலேரோ பிக்கப் எடுத்துவிட்டார்.

அன்று முதல் லிஃப்டில் அவரோடு ஏறுவது ஆபத்து. 1945-இல் உருக்கு வியாபாரமாக ஆரம்பித்த மஹிந்திரா நாற்பதுகளின் கடைசியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய கதை தரைத்தளத்தில் ஆரம்பமாகும். ஐந்தாவது மாடியில் 1985 வந்துவிடும், எம்.எம். 540, பெஜோ டீசல் எஞ்சின், 2,112 சி.சி., 62 குதிரைத்திறன். ஏழாவது மாடிக்காரர் இறங்க மரியாதை இடம் கொடுக்காமல் ஒன்பது வரை போய்த் திரும்புவார். "எங்க வீட்டு ஸ்விஃப்டுக்கே இதைவிட அதிகமாச்சே?" என்று ஒருவர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். "குதிரை முக்கியம் இல்ல சார், டார்க்!" என்று ஆரம்பித்து, லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டே விளக்கி முடித்தார் நம்மவர்.

வண்டியின் நிரந்தர முகவரி சிவாஜிநகரில் ஒரு சந்து. சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படி பெங்களூருக்கு ஜே.சி. ரோடும் சிவாஜிநகர் குஜ்ரியும். புது உதிரிபாகம் ஜே.சி. ரோட்டில், செத்த வண்டியின் உறுப்பு குஜ்ரியில். அங்கே தமிழும் உருதுவும் கன்னடமும் ஒரே வாக்கியத்துக்குள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மெக்கானிக் பாய்க்கு மூன்றிலும் கணக்குச் சொல்லத் தெரியும். தேதி சொல்ல மட்டும் எதிலும் வராது.

"பாய், வண்டி எப்போ?"

"ஆயிடுச்சு சார். கியர்பாக்ஸ் மட்டும் ஏத்தணும்."

"கியர்பாக்ஸா? நான் பிரேக்குக்குத்தானே விட்டேன்?"

"பிரேக் பாக்கறப்போ கிளட்ச் சரியில்லைன்னு தெரிஞ்சுது. கிளட்ச் பாக்கணும்னா கியர்பாக்ஸை இறக்கணும்ல? இறக்கினா, டிரான்ஸ்ஃபர் கேஸ்ல சீல் போயிருக்கு. உங்க நல்ல நேரம் சார், இப்பவே தெரிஞ்சுது."

இந்த 'நல்ல நேரம்' நம்மவரை ஒவ்வொரு முறையும் உருக்கிவிடும். பிரேக்குக்குப் போன இடத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பெரிய கண்டத்திலிருந்து தப்பிய முகத்தோடு வீட்டுக்கு வருவார்.

தொண்ணூறுகளில் பெங்களூரில் ஒரு பேய்ப் பீதி இருந்தது. இரவில் பேய் வந்து கதவைத் தட்டுகிறது என்று வீட்டுக்கு வீடு கதவில் 'நாளெ பா', நாளைக்கு வா, என்று எழுதி வைத்தார்கள். பேய் அதைப் படித்துவிட்டுப் போய்விடுமாம். மறுநாள் வந்து மறுபடியும் படித்துவிட்டுப் போகுமாம். பாய் தன் ஷட்டரில் எதையும் எழுதி வைக்கவில்லை. இவரும் பேயைவிட ஒழுங்காகச் சனிக்கிழமைதோறும் போய்த் திரும்புகிறார்.

எனக்கு விளங்காத ஒன்று உண்டு. ஆபீசில் இதே மனிதர், தன் கீழ் வேலை செய்யும் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்லும் உபதேசம், "ஓடுற கோடுல கை வைக்காதே." வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் மாற்றக் கூடாது என்று மின்னஞ்சல்கூட அனுப்புவார். சனிக்கிழமை காலை பட்டறைக்குப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டைனமோவைக் கழற்றச் சொல்வார். "ஆல்டர்னேட்டரா மாத்திடலாம் பாய், பின்னாடி லைட்பார் போடணும்ல?" லைட்பாருக்காக வயரிங், வயரிங்குக்காக டேஷ்போர்டு, டேஷ்போர்டைக் கழற்றியதும் ஸ்டீயரிங் காலம். ஒரு வழியாக எல்லாம் பூட்டி வண்டி சத்தமில்லாமல் ஓடினால் அவர் முகத்தில் ஒரு சோர்வு வரும் பாருங்கள்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்ற சோர்வு.

இப்படியே போனதில் இன்று அந்த ஜீப்பின் ஸ்டீயரிங் பாக்ஸ் ஒரு பொலேரோவுடையது, முன்பக்க டிஸ்க் பிரேக்கும் அங்கிருந்து வந்ததுதான். சீட் விபத்தில் போன ஏதோ ஹோண்டா சிட்டியினுடையது. டயர் ஒரு சைஸ் பெரியது. அதற்கு இடம் வேண்டும் என்று ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியைத் தூக்கியாயிற்று. அதிலிருந்து அவருடைய அம்மா அதில் ஏறுவதில்லை, பூஜை போட்டதோடு சரி. 1985-இல் வரைந்தவர்களுடைய மிச்சம் என்று சேஸிஸ் நம்பரைச் சொல்லலாம்.

அந்த நம்பர்தான் சட்டத்துக்கும் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பரை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே கூடாதென்றது. நம்மவர் தீர்ப்பை முழுக்கப் படித்தவர். படித்துவிட்டு, "நாம செய்யறது மாற்றம் இல்லை, ரிப்பேர்" என்ற முடிவுக்கு வந்தவர்.

ஆனாலும் பதினைந்து வருடம் தாண்டிய வண்டி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கக் காட்டித்தான் ஆக வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. அவருக்குச் செலவு கட்டணத்தில் இல்லை. காட்டப் போவதற்கு முன்னால் பெரிய டயரை இறக்கி, பம்பரைக் கழற்றி, லைட்டையெல்லாம் பிடுங்கி, பரணில் துணி சுற்றி வைத்த பழைய சாமான்களையே திரும்ப மாட்ட வேண்டும். காட்டி முடித்ததும் திரும்பக் கழற்றி, திரும்ப மாட்ட வேண்டும். நடுவில் இருக்கும் அந்த ஒரு வாரம் வண்டி ஆலையிலிருந்து வந்த கோலத்தில் நிற்கிறது. நேராகப் போகிறது, பிரேக் பிடித்தால் நிற்கிறது, மேட்டில் ஏறுகிறது. இதை யாரும் அவர் காதில் போடுவதில்லை.

ஜீப்காரர்களுக்குள் ஜாதி உண்டு. ஒரு திருகாணிகூட அந்தக் கம்பெனி முத்திரையோடுதான் இருக்க வேண்டும் என்கிற அசல்காரர்கள் ஒரு பக்கம். ஹரியானா எல்லையில் டப்வாலியில் பழைய ஜீப்பை வெட்டி ஒட்டி அனுப்புவார்கள், அதைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஓட்டிவரும் மாற்றக்காரர்கள் இன்னொரு பக்கம். ஒருவர் வண்டியை மற்றவர் பார்த்தால் "நல்லாருக்கு" என்பார்கள். குரலில் துக்கம் விசாரிக்கும் தொனி இருக்கும். இரண்டு கட்சிக்கும் பொதுவான எதிரி, ஷோரூமில் புது மஹிந்திரா தார் வாங்கி ஏ.சி. போட்டுக்கொண்டு வரும் இருபத்தெட்டு வயதுப் பையன். அவனை மதிக்கமாட்டார்கள். ஆனால் காட்டுக்குப் போகும்போது கட்டாயம் கூப்பிட்டுக்கொள்வார்கள். கயிறு கட்டி இழுத்து வர ஒருவன் வேண்டாமா?

அப்படி ஒரு ஞாயிறு விடியலில் மைசூர் ரோட்டில் கூட்டமாகப் புறப்படுவார்கள். முதல் நிறுத்தம் பிடதி, தட்டே இட்லி. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அதே பிடதியில்தான் டொயோட்டா ஆலை. நான்கு சக்கரமும் இழுக்கும் ஹைலக்ஸ் பிக்கப் 2022-இலிருந்து அங்கிருந்துதான் வருகிறது. அது பளபளவென்று ஹைவேயில் போகும்போது, நம்மவர் ஒரு கையில் இட்லித் தட்டோடு பானெட்டுக்குள் குனிந்து, டீசல் லைனில் பிடித்த காற்றை வெளியேற்ற மறு கையால் பம்பை அடித்துக்கொண்டிருப்பார். நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். "எல்லாம் சென்சார். நடுக்காட்டுல நின்னா ஒண்ணும் பண்ண முடியாது." இவருடையது நடுக்காடு வரை போனதில்லை, இட்லிக் கடையிலேயே நின்றுவிடுகிறது என்பதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ராமநகரத்தைத் தாண்டிப் பாறையும் முள்ளுமாக ஒரு தடம். நம்மவர் ஜீப் ஒரு பள்ளத்தில் முன்சக்கரத்தை விட்டுவிட்டு, ஒரு பின்சக்கரத்தை நாய் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. நாலு பேர் நாலு பக்கம் குனிந்து படம் எடுத்தார்கள். அந்த வழியாகப் பட்டுக்கூடு மூட்டையோடு மொபெட்டில் வந்த விவசாயி ஒருவர் இறங்கி, கொஞ்ச நேரம் பார்த்தார். கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார்: "சந்தைக்குக் கூடு கொண்டுபோக என்கிட்டயும் இதே வண்டி இருந்தது. விற்கிற அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். உங்களுக்கு யாராவது கடனுக்குப் பதிலாக் கொடுத்தாங்களா?" பிறகு பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இருந்த நல்ல வழியைக் கைகாட்டிவிட்டு, மூட்டை ஆடாமல் அதில் போய்விட்டார்.

இவ்வளவு ஏளனத்துக்கும் பதில் சொல்ல நகரமே ஒருநாள் வாய்ப்புக் கொடுத்தது. 2022 செப்டம்பர் முதல் வாரம். ஏரிகளெல்லாம் தங்கள் பழைய இடத்தைத் தேடி வந்துவிட்டன. பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, எமலூர் எங்கும் தண்ணீர். கோடிக்கணக்கில் விலைபோன வில்லாக்களிலிருந்து ஜனங்கள் படகிலும் டிராக்டரிலும் வெளியே வந்தார்கள். ஸ்னார்க்கல், அதாவது எஞ்சின் மூச்சுக்காற்றைக் கூரை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய், எதற்கு என்று வருடமெல்லாம் கேட்டவர்களுக்கு விடை சொல்ல வேண்டிய நாள். நம்மவரும் டிராக்டர் டிரெய்லரில்தான் ஆபீசுக்குப் போனார். பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற எச்.ஆர். அம்மா கேட்டார்: "நீங்க ஜீப் வெச்சிருக்கீங்களே?"

"ஸ்னார்க்கல் மாட்டறதுக்காக விட்டிருக்கேன் மேடம்."

அந்த அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நம்மவரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆபீஸ் வரும் வரை டிராக்டர்காரரிடம் எஞ்சின் எத்தனை சிலிண்டர் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

முன்பக்கம் பூட்டிய வின்ச்சும் ஒருமுறை வேலை செய்தது. கோடை மழையில் குல்மோஹர் கிளை ஒன்று முறிந்து குடியிருப்பு வாசலை அடைத்துக்கொண்டது. அதிசயமாக ஜீப் அன்று வீட்டில் இருந்தது. கிளையில் கொக்கியை மாட்டி, எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, ரிமோட்டை அழுத்தினார். கிளை அசையவில்லை, பம்பர் வந்தது. பிறகு வாட்ச்மேன்கள் இரண்டு பேர் அரிவாளால் வெட்டி ஒதுக்கினார்கள். ஆனாலும் குழந்தைகள் கைதட்டின, அதை அவர் மறக்கவில்லை.

வீட்டம்மாவுக்குக் கணக்கு கேட்கும் பழக்கம் நின்று வெகுநாளாயிற்று. எக்ஸெல் ஷீட் ஒன்று உண்டு, தேதி, சாமான், கடை எல்லாம் நம்மவர் வண்ணம் போட்டு வைத்திருப்பார். கூட்டல் வரும் கடைசிக் கட்டத்தை மட்டும் மறைத்திருப்பார். போன வாரம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போனை வீட்டம்மா பக்கம் நீட்டினார். திரையில் துருப்பிடித்த, பின்பக்கம் திறந்த ஒரு பச்சை வண்டி. ராணுவத்துக்காக ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் செய்த நிஸான் ஒரு டன் பிக்கப். கோலார் பக்கம் ஒரு ஷெட்டில் நிற்கிறதாம்.

"இது எதுக்குங்க?"

"ஜீப்புக்கு ஆக்ஸில், கியர்பாக்ஸ்னு எதையாவது ஏத்திட்டு வர வேண்டியிருக்கே. ஒவ்வொரு தடவையும் டெம்போவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகலை."

வீட்டம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். டயருக்குள் செடி முளைத்திருந்தது.

"சரி, இந்த வண்டிக்கு ஸ்பேர் எதுலங்க வரும்?"

நம்மவர் இதை எதிர்பார்த்திருந்தார். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதான் ரெண்டா எடுத்துடலாம்னு பாக்கறேன். ஒண்ணு ஓட்டறதுக்கு, ஒண்ணு கழட்டறதுக்கு. சேர்த்து எடுத்தா குறைச்சுத் தரேன்னு சொல்லியிருக்கான்."