கொல்லைப்புறக் குபேரர்

மச்சு வீடு கட்டி, கிரகப்பிரவேசப் பந்தல் பிரித்த சூட்டிலேயே சிலருக்கு ஓலைமேல் ஆசை வந்துவிடுகிறது. நாராயணவனத்தில் தேடினால் தெருவுக்கு ஒருவர் தேறுவார். பெங்களூரிலோ துபாயிலோ நாலு காசு பார்த்தவர். போன இடத்தில் ஒரு ரிசார்ட்டின் ஓலைக்கூரை ‘டிக்கி’ பாரில் சொக்கிப் போனவர். கொல்லையிலும் அப்படி ஒன்று போட்டே தீரவேண்டும். செலவுக்குக் கடன்தான். கல்யாணத்துக்குக் குபேரனிடம் கைநீட்டிய பெருமாளின் ஊரில் கடனுக்கு யார் கூச்சப்படுவது? பெருமாளே இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

கூரை வேய வந்த பெரியவருக்கு முதலில் சரித்திரப் பாடம் நடக்கும். 1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு ஒழிந்ததும், எர்னஸ்ட் கான்ட் என்றொருவர் ஹாலிவுட்டில் கடை திறந்தார். மூங்கிலும் ஓலையுமாகப் பசிபிக் தீவுக் குடிசைபோல ஜோடித்து, ரம்மில் பழச்சாறு கலந்து விற்றுப் பேர் வாங்கினார். அதைப் பார்த்து ஆளாளுக்கு ஆரம்பித்ததுதான் இந்த டிக்கி மோகம். பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்லுவார்: “நீ பொறந்ததே இந்தக் கூரைக்குக் கீழதானே நைனா! நான்தான் வேய்ஞ்சேன்.”

பொய்யில்லை. அதே இடத்தில்தான் அப்பாவின் தறிக்கொட்டகை இருந்தது. மழை வந்தால் பாவு நனையாமல் இருக்க, அம்மாவின் சேலைகளெல்லாம் தறிமேல் ஏறும். அந்தக் கூரையைப் பிரித்துத் தளம் போடுவதற்காகவே மனுஷன் குழித்தறியில் கால் மரத்துப்போக நெய்தார். இப்போது அந்தத் தறி மரத்துக்கு வார்னிஷ் அடித்து, பாட்டில் வைக்கும் மேடையாக்கியாயிற்று. குழி இருந்த இடத்தில் கலர் லைட்.

“கூரை செங்குத்தா நிக்கணும், தண்ணி தங்காம ஓடணும்” என்பது பெரியவரின் கட்சி. நம் கொல்லைப்புறக் குபேரருக்கோ போட்டோவில் உள்ளபடி தாழ்வாக, படுத்தாற்போல இருக்கவேண்டும். ஐப்பசி அடைமழையில் வழக்கு தீர்ந்தது. மேடையிலிருந்த கிளாஸ்களை யாரும் நிரப்பவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

கோயில் ஊரில் பார் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சிநேகிதர்களுக்கு அது பார், அக்கம்பக்கத்துக்குத் தியானக் குடில், அம்மாவுக்குக் காற்றாட உட்காரும் இடம். புரட்டாசியில் பெருமாள் விரதம், கார்த்திகையில் ஐயப்பன் மாலை, மார்கழியில் திருப்பாவை. மிச்ச மாதங்களில் அம்மா அங்கேயே உட்கார்ந்து பூக்கட்டுகிறாள். ஆகவே ஹாலிவுட் பாணி மேடையில் பரிமாறப்படுவது நன்னாரி சர்பத்தும் நீர்மோரும். தீபாவளிக்கு ஊரெல்லாம் ராக்கெட் விட, குபேரர் மட்டும் இரண்டு குடம் தண்ணீரோடு குடிலுக்குக் காவல் நிற்பார்.

உயர ஸ்டூல்கள் வேறு. ஆசைப்பட்டு ஏறிய தாய்மாமா இறங்கிய வேகத்துக்குக் கை பிசகிவிட்டது. நல்லவேளை, எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. பச்சிலையும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். “குடிலுக்கு வாங்கின மூங்கில்ல மீந்ததை எடுத்துட்டு வந்திருக்கலாமே” என்று மாமாவே சொன்னார். அந்த வலியிலும் கணக்கு விடாத மனுஷன்.

இத்தனைக்கும் அம்மா வாய் திறக்கவில்லை. ஒருநாள் பேரனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு எழுந்தது. சம்பந்தி வீட்டார் வந்தால் முதலில் குடிலைத்தான் சுற்றிக் காட்டப்போவதாகக் குபேரர் உற்சாகமாகச் சொல்ல, அம்மா பூத்தொடுப்பதை நிறுத்தினாள்.

“கூரை வீடுன்னுதான் ரெண்டு எடத்துல உங்கப்பாவுக்குப் பொண்ணு தரமாட்டேன்னாங்க. வர்றவங்களுக்குக் காப்பி குடு, மச்சைக் காட்டு. கொல்லைக் கதவை மட்டும் தாழ் போட்டுடு.”