சில்லெழுத்ததிகாரம்

புரோகிராமர் என்பது இருதிணைக்கும் பொதுப்பெயர். உயர்திணைப் புரோகிராமர் ஓ.எம்.ஆர். சாலையில் கிடைப்பார்; அவர் இந்நூலுக்குப் புறம்பு. ஈண்டு ஆராயப்படுவது அஃறிணைப் புரோகிராமர். சிப்பில் உள்ளதைப் படித்தலும் அழித்தலும் புதிதாய் எழுதுதலும் அதன் தொழில். பயோஸ் கெட்டுப் படுத்த லேப்டாப்புக்கு அதுவே வைத்தியன்.

இதை வாங்குவோர் இருவகையர்: ஜன்னல் உடையார், ஜன்னல் இல்லார். பெட்டியோடு வரும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கே ஆனது. லினக்ஸ்காரன் போய் நின்றால், "விண்டோஸ் போட்டுக்கோங்க சார்" என்பார் கடைக்காரர். சில நூறு ரூபாய்க் கருவிக்காக ஆயிரக்கணக்கில் விண்டோஸ் வாங்குவதை, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்று முன்னோர் அன்றே வகைப்படுத்திவிட்டனர்.

கையில் காசிருந்தால் டி.எல்.866 அல்லது டி48. செய்த கம்பெனி லினக்ஸை அறியாது. மினிப்ரோ என்ற இலவச மென்பொருள் அறியும். காசில்லையேல் சி.எச்.341ஏ, துணைக்கு ஃபிளாஷ்ராம் என்ற மென்பொருள். பயோஸ் உறையும் 25 வரிசைச் சிப்புகளுக்கு அது தாராளம்.

குற்றமும் உண்டு. சி.எச்.341ஏ அமர்ந்திருக்கும் கறுப்புப் பலகைகள் பலவற்றில், சிப்புக்கு 3.3 வோல்ட் மின்சாரம் தந்துவிட்டு, தரவுக் கால்களில் மட்டும் 5 வோல்ட்டைப் பாய்ச்சுவார்கள். சி.எச்.341ஏ-வின் 28ஆம் காலுக்கு யு.எஸ்.பி.யின் 5 வோல்ட் நேரே போவதே காரணம். பரிகாரம், அந்தக் காலைத் தூக்கி, 9ஆம் காலோடு சேர்த்து, 3.3 வோல்ட்டில் பற்றவைப்பது. தில்லைக்கு வெளியே, தூக்கிய காலுக்கு இத்தனை மதிப்பு இங்குதான்.

சிப்பைக் கவ்வும் கிளிப்பின் சிவப்பு ஒயர் சிப்பில் புள்ளியுள்ள மூலைக்கு. எழுதுமுன் இருமுறை படித்து ஒப்பிடுக. அடியேன் ஒரு டபிள்யூ25க்யூ64 சிப்பைப் படித்தபோது, இரண்டு கோப்புகளும் சரியாக 83,88,608 பைட். ஆனால் இரண்டும் வேறுவேறு. கிளிப் மயிரிழை நழுவியிருந்தது. ஏட்டுச்சுவடியில் இதைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் தள்ளிவிடலாம். லேப்டாப் அடிக்குறிப்பு படிப்பதில்லை. துடைத்து மாட்டியபின் மூன்றாம் படியும் நான்காம் படியும் எழுத்துப் பிசகாமல் ஒத்தன. அதன்பிறகே எழுதத் துணிந்தேன்.

பெட்டியோடு வந்த சின்ன சிடி வீணாகவில்லை. விண்டோஸுக்கென்றே செய்த அது, இப்போது சமையலறை ஜன்னலில் தொங்கிப் புறா விரட்டுகிறது.