ராஜாக்களுக்கு ஓய்வு ஆகாது

ஜெர்மனியில் லான் நதிக்கரையில், கோப்லென்ஸுக்குப் பக்கத்தில், பாட் எம்ஸ் என்று ஒரு சின்ன ஊர். பூமிக்கடியிலிருந்து உப்புக் கரிக்கும் வெந்நீர் அங்கே ஊறுகிறது. தொண்டைக்கும் மூச்சுக்குழாய்க்கும் அது கண்கண்ட மருந்து என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய மனிதர்கள் நம்பி வந்து குவிந்தார்கள். காலையில் ஒரு கோப்பை குடிப்பது, ஆற்றோரம் உலாத்துவது, மறுபடி ஒரு கோப்பை குடிப்பது. கேட்பதற்கு இதைவிடச் சாதுவான காரியம் கிடையாது. ஆனால் ஐரோப்பிய சரித்திரத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த மாதிரி ஊர்களின் பெயரைக் கண்டாலே வயிற்றைக் கலக்க வேண்டும். என் கட்சி இதுதான்: நாடாளுகிறவருக்கு இருமல் வந்தால் அரண்மனையிலேயே கஷாயம் கொடுத்துப் படுக்க வைக்க வேண்டும், நீரூற்றுப் பக்கம் அனுப்பவே கூடாது.

1870-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ய மன்னர் முதலாம் வில்ஹெல்ம் எம்ஸில் இருக்கிறார். ஸ்பெயின் சிம்மாசனத்துக்குப் பேசப்பட்ட அவருடைய உறவுக்காரர், பிரான்ஸ் முறைத்ததும் விலகியாயிற்று. அத்தோடு விவகாரம் முடிந்திருக்க வேண்டும். ஜூலை 13 காலை, உலாத்திக்கொண்டிருந்த மன்னரைப் பிரெஞ்சுத் தூதர் பெனடெட்டி பிடித்துக்கொண்டு, இனி எந்தக் காலத்திலும் இதற்குச் சம்மதிக்க மாட்டேன் என்று உறுதி தரச் சொன்னார். மன்னர் மரியாதையாகவே மறுத்தார். விவரம் தந்தியில் பெர்லினுக்குப் போனது. அங்கே விருந்து மேஜையில் இருந்த அவருடைய மந்திரி பிஸ்மார்க், மரியாதையை மட்டும் கவனமாக வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். ஜூலை 19-ல் பிரான்ஸ் போர் அறிவித்தது. அந்தச் சந்திப்பு நடந்த இடத்தில் இன்றும் ஒரு கல் இருக்கிறது. தேதியோடு காலை 9 மணி 10 நிமிடம் என்று நேரத்தையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஜாதகம் கணிக்கக் குறித்துக்கொண்ட மாதிரி.

வினை பிஸ்மார்க்கின் பேனாவில் இருந்தது, வெந்நீர் என்ன பாவம் செய்தது என்று கேட்பீர்கள். அரண்மனையில் மன்னரைப் பார்க்க எத்தனை வாசல், எத்தனை காவல், எத்தனை நாள் காத்திருப்பு! எம்ஸில் தூதர் நடைபாதைக்கு வந்தால் போதும். தவிர, மன்னரும் மந்திரியும் ஒரே ஊரில் இருந்திருந்தால் தந்தியே கிடையாது. தந்தி இல்லாமல் பிஸ்மார்க் எதை வெட்டியிருப்பார்?

ஒரு தடவை நடந்ததை வைத்து ஊரைப் பழிக்கலாமா என்பது அடுத்த ஆட்சேபம். ஒரு தடவையா? 1876-ல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் இதே எம்ஸில் இருந்தபடி, உக்ரேனிய மொழியில் புத்தகம் அச்சிடவும் வெளிநாட்டிலிருந்து தருவிக்கவும் நாடகம் போடவும் தடை விதித்துக் கையெழுத்திட்டார். ஆணையைத் தயாரித்தது தலைநகரில் ஒரு குழு என்பது உண்மைதான். ஆனால் ஓய்வெடுக்க வந்த மனிதர் கையெழுத்திலிருந்தும் ஓய்வெடுத்திருக்கலாமே! மற்ற ஊர்களும் லேசுப்பட்டவை அல்ல. பிரான்ஸின் புளோம்பியேரில் 1858-ல் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனும் சார்டீனியப் பிரதமர் கவூரும் ரகசியமாகப் பேசி முடித்த போர் மறுவருஷமே வெடித்தது. ஆஸ்திரியச் சக்கரவர்த்தி 1914-ல் செர்பியாவோடு போர் என்று கையெழுத்திட்டதும் பாட் இஷ்ல் என்ற நீராட்டு ஊரில்தான். பிஸ்மார்க்குக்கும் கணக்குத் தீர்ந்தது: எம்ஸ் சந்திப்புக்குச் சரியாக நாலு வருஷம் கழித்து, 1874 ஜூலை 13 அன்று, பாட் கிஸ்ஸிங்கனில் சிகிச்சைக்குப் போயிருந்தவரை ஒரு இளைஞன் சுட்டான். கையில் காயத்தோடு தப்பினார்.

எம்ஸுக்காக வாதாடுகிறவர்கள் கடைசித் துருப்பாகத் தஸ்தயேவ்ஸ்கியை இறக்குவார்கள். நுரையீரல் தொல்லைக்காக 1874 முதல் நாலு தடவை அங்கே வந்தவர் அவர். 1879-ல் வந்தபோது ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலின் ஒரு பகுதியை அங்கேயே எழுதினார். இந்தச் சாட்சி என் பக்கத்துக்குத்தான் பலம். அவருக்கு அந்த ஊர் தாங்க முடியாத சலிப்பு. மனைவிக்கு எழுதிய கடிதங்களில் திட்டித் தீர்த்தார். சலித்துப்போன எழுத்தாளர் நாலு பக்கம் எழுதினார்; அவரால் எல்லையில் ஒரு சிப்பாய்க்கும் சிராய்ப்பில்லை. ஆகவே ஊரை மூடச் சொல்லவில்லை. 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வேறு சேர்த்திருக்கிறது. எழுத்தாளர்கள், பென்ஷன்தாரர்கள், இருமல்காரர்கள் எல்லாரும் தாராளமாகப் போகட்டும். ஆட்சியாளர்களுக்கோ இப்போது சாக்கும் இல்லை. அந்த ஊற்று நீரை வற்ற வைத்து எடுத்த உப்பும், அதைச் சேர்த்துச் செய்த தொண்டை மாத்திரையும் ஜெர்மன் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. ஆள் அனுப்பி வாங்கிவரச் சொல்லலாம்.