247-ஐ வென்றவர்களுக்கு 26 எம்மாத்திரம்?

கேள்வி: மூன்றாம் வகுப்புக்கு முதன்முறையாக ஆங்கிலம் எடுக்கப் போகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: பஸ் ஸ்டாண்டில்! பஸ், டிக்கெட், சைக்கிள், பென்சில் என்று பிள்ளைகள் ஏற்கெனவே பேசுவதையே கரும்பலகையில் எழுதுங்கள். பாதி பயம் அங்கேயே இறங்கிவிடும்.

247 எழுத்துகளைப் பார்த்தவர்களுக்கு 26 பெரிதில்லை. அந்த 26-ம் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளுக்கு மாறிமாறி வேலை பார்ப்பதுதான் சிக்கல். நம் ‘ப’ ‘பல்’லில் ஒருவிதம், ‘தம்பி’யில் வேறுவிதம்; ஆங்கிலத்தில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து. இதைத் தமிழிலேயே விளக்குங்கள், தப்பே இல்லை. பிறகு எழுத்தின் பெயரைவிட ஒலியை முதலில் சொல்லிக்கொடுங்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறின் ஒலி தெரிந்தாலே ‘பின்’, ‘டின்’, ‘டிப்’ என்று தாங்களே கூட்டிப் படிப்பார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன்: தப்பாகப் பேசும் பிள்ளையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.