அவோரித்தா: ஒரு காலவியல் ஆராய்ச்சி

மெக்சிகோ நாட்டில் சட்டப்படி நான்கு நேர மண்டலங்கள் உண்டு. 2022 அக்டோபரில் வந்த சட்டம், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் வழக்கத்தைப் பெரும்பாலான ஊர்களில் ஒழித்தது. ஐந்தாவதாக ஒரு மண்டலம் இருப்பதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அதன் பெயர் 'அவோரித்தா'. அக்குறை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது என்க.

சொல்லின் பிறப்பில் ஐயமில்லை. 'இந்த வேளையில்' என்ற லத்தீன் தொடர் தேய்ந்து ஸ்பானிய மொழியில் 'அவோரா', அதாவது 'இப்போது' ஆயிற்று. அதன் வாலில் 'இத்தா' என்னும் சிறுமை விகுதி ஒட்டினால் அவோரித்தா. வீடு 'காசா', அதுவே 'காசித்தா' ஆனால் சின்ன வீடு. (தமிழ் வாசகர் தவறாகக் கொள்ளற்க, குட்டி வீடு என்றே கொள்க.) வீட்டைக் குறுக்கலாம், சரி. 'இப்போது' என்பதை எப்படிக் குறுக்குவது? நிகழ்காலத்துக்கு ஏது நீளம் என்று புனித அகஸ்டின் தம் 'அறிக்கைகள்' நூலின் பதினோராம் பகுதியில் மண்டையை உடைத்துக்கொண்டார். மெக்சிகோ மக்கள் விடை கண்டுவிட்டார்கள்: நீளமில்லாததைக் குறுக்கினால் அது நீளும்.

இனி வழக்கு. 'அவோரித்தா யேகோ' என்பதில் 'யே'யை அழுத்தினால் 'இதோ வந்துவிடுகிறேன்'. 'கோ'வை அழுத்தினால் 'இப்போதுதான் வந்தார்'. குழாய் ரிப்பேர்காரர் போனில் சொல்வது முன்னது. சொல்லும்போது அவர் இன்னும் சட்டைகூடப் போட்டிருக்க மாட்டார். விரைவு காரணமாகக் காலம் பிறழலாம் என்று நன்னூலார் விதி வகுத்தார். இங்கே பிறழ்வதற்குக் காரணம் விரைவின்மை. பவணந்தி முனிவர் மெக்சிகோ போனதில்லை, விட்டுவிடுவோம்.

சொல்லின் உண்மையான பலம் காலத்தில் இல்லை, மறுப்பில் இருக்கிறது. அந்த ஊரில் 'வேண்டாம்' என்று வெட்டிச் சொல்வது முகத்தில் அடித்தாற்போல. தெருவில் ஒருவர் சூயிங்கம் நீட்டினால் 'அவோரித்தா நோ, ஹோவென்' என்பார்கள்: 'இப்ப வேண்டாம் தம்பி'. தம்பிக்கு அறுபது வயதிருக்கும். அப்புறமும் யாரும் வாங்கப்போவதில்லை என்பது தம்பிக்கும் தெரியும். விருந்தில் இன்னொரு கரண்டி மோலே குழம்பு ஊற்ற வரும் அம்மாவிடம் 'அவோரித்தா, கிராசியாஸ்' என்று சிரித்தால் கரண்டி அந்தரத்தில் நிற்கும், பாத்திரத்துக்குத் திரும்பும், யார் மனமும் புண்படாது.

புவேர்ட்டோ ரிக்கோவில் இதே சொல்லுக்கு நேர்பொருளே 'அப்புறம்'. ஒளிவு மறைவு இல்லை; ஆகவே ஆய்வுக்கும் சுவையில்லை. சிலி நாட்டார் உடனடிக்கு 'அல் தீரோ' என்பார்கள். தீரோ என்றால் துப்பாக்கிச் சூடு. அவர்களை மெக்சிகோ ரிப்பேர்காரரோடு பழகவிடக் கூடாது.

விகுதியை இரட்டித்து 'அவோரித்தீத்தா' என்றால் கொஞ்சம் நம்பலாம். எத்தனை 'இத்தா'வுக்கு எத்தனை நிமிடம் என்ற அட்டவணை இக்கட்டுரையின் இரண்டாம் பகுதியில் இடம்பெறும். எப்போது தருவீர்கள் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். ஒரே சொல்லில் பதில் அனுப்பியிருக்கிறேன்.